சரியக்கா வாய்விட்டுப் படித்தது

பென் டிரைவைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். அந்த ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேசையில் ஒரு நாள் உட்கார வைப்பேன், அவ்வளவுதான். வருகிறவர் போகிறவர் எல்லாம் சட்டைப்பையிலிருந்து ஒன்றை உருவி, "இதுல ரெண்டு பக்கம், சும்மா ஒரு பிரிண்ட்" என்று நீட்டுவார்கள். அந்த சும்மாவுக்குப் பிறகு வந்து மல்லுக்கட்டுவது யார்? நான்தான்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அந்த சென்டரில் எனக்குப் பூச்சிமருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். "பூச்சிமருந்து வந்தாச்சு, எல்லாரும் கையை எடுங்க" என்பார்கள். கோபக்காரன் என்றும் ஒரு பெயர் உண்டு. அதை என் மனைவியும் ஒப்புக்கொள்வாள். ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது என் புராணம் அல்ல. அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த சரியக்காவைப் பற்றி.

அவர் என்னைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் டாக்டர் தவிர எல்லோருக்கும் அவர் சரியக்கா. எதைச் சொன்னாலும் சரி என்பார், அதனால் அந்தப் பெயர். சம்பளம் அடுத்த வாரம் என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமையும் வா என்றால் சரி. எக்ஸ்ரே எடுக்கும் ஆள் தன் சாப்பாட்டு டப்பாவைக் கூட அவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்வார். வெட்கங்கெட்ட மனுஷன். அதற்கும் சரிதான். முகத்தில் சலிப்பு இருக்காது, சிரிப்பும் இருக்காது.

அவர் கணவர் இறந்த பிறகுதான் வேலைக்கு வந்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் கேட்காமலே சொன்னார். "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார் சார். டீ போட்டு எழுப்பினேன். எழுந்திருக்கல." பேருந்து தவறிப்போனதைச் சொல்லும் குரலில் சொன்னார். நான்தான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். கணவர் போன பிறகு எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவெடுத்தார்கள். அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிடலாம் என்றார்கள், வண்டியை விற்றுவிடலாம் என்றார்கள், சின்ன வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி. சொந்தத் தம்பி இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். சரி என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரே மகள். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சென்டருக்கு வந்துவிடுவாள். ஸ்டீல் நாற்காலி வரிசையில் கடைசி நாற்காலி அவளுடையது. நோயாளிகளுக்கு நடுவே மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். கூட்டம் வந்தால் "பாப்பா, கொஞ்சம் எழுந்துக்க" என்பார்கள். அவளும் "சரி" என்று எழுந்து நிற்பாள். அம்மா சொல்வது போலவே, அதே குரலில். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த வயதில் ஒரு பிள்ளை ஒரு தடவையாவது 'மாட்டேன் போ' என்று சொல்ல வேண்டாமா?

மேசைக்கடியில் படுத்து வேலை செய்கிறவனை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒயர்களோடு ஒயராக நினைத்துக்கொள்வார்கள். சரியக்காவின் கதை பாதி எனக்கு அப்படித்தான் தெரியும். ஒரு நாள் நான் கீழே பிரிண்டர் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது.

"சொல்லுங்க அண்ணி... சரி... பரீட்சை முடிஞ்சதும்... சரி... துணி எல்லாம் நீங்களே எடுக்கறீங்களா... சரிங்க அண்ணி."

வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "யாருக்கா?" என்றேன்.

"அவரோட அக்கா. பாப்பாவைத் தன்கிட்டயே வெச்சுப் படிக்க வைக்கிறேங்கறாங்க. அவங்களுக்குப் பிள்ளை இல்ல."

"எத்தனை நாளைக்கு?"

"படிச்சு முடிக்கிற வரைக்கும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்குச் சம்மதமா?"

"அண்ணி நல்லவங்கதான் சார்."

"நான் அதைக் கேட்கல."

சரியக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, "பிரிண்டர் ஓடுதா சார்?" என்றார். ஓடியது. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க நான் யார்? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க என் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு சென்டரில் பூகம்பம். மருந்து கம்பெனிக்காரர் ஒருவர் பென் டிரைவை நீட்டியிருக்கிறார். சும்மா ஒரு பிரிண்ட்தான். சரியக்கா சரி என்று செருகியிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கும் ஆள் அதே மேசையில் தன் பென் டிரைவையும் செருகி, அதைக் கொண்டுபோய் எக்ஸ்ரே மெஷினோடு இருக்கும் கம்ப்யூட்டரிலும் செருகியிருக்கிறார். மகானுபாவர். அதோடு நிற்காமல் பின் அறையில் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டியிலும் செருகினார். வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர் படுத்தது. எக்ஸ்ரே கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. கால் முறிந்து வந்தவரை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. டாக்டர் எல்லோர் முன்னாலும் சரியக்காவைக் கிழி கிழி என்று கிழித்தார். அவர், "சரிங்க டாக்டர்" என்றார்.

நான் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரியக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், பின் அறைப் பெட்டியிலயும்தானே போட்டார். அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல? டாக்டர் லேப்டாப்புக்கும் எப்பவும் ஒண்ணும் ஆகறதில்ல. எல்லாம் கம்ப்யூட்டர்தானே?"

அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த அதிசயத்திலேயே என் கோபம் பாதி இறங்கிவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"வைரஸ்னா பேயும் இல்ல பிசாசும் இல்லக்கா. இதைச் செய், அதைச் செய்னு எவனோ உட்கார்ந்து எழுதி அனுப்புற உத்தரவு. கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கிற அடிப்படை புரோகிராம் இருக்கே, ஆபரேட்டிங் சிஸ்டம், அது எல்லாத்துலயும் ஒண்ணு இல்ல. ஒண்ணுக்கு எழுதின உத்தரவு இன்னொண்ணுக்குப் பெரும்பாலும் புரியாது. ஒரு தெருவுல முக்காவாசி வீட்டுக்கு ஒரே மாதிரி பூட்டுன்னு வெச்சுக்குங்க. திருடன் எந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்வான்?"

"அந்த முக்காவாசிக்கு."

"அவ்வளவுதான். உங்க மேசையில இருக்கறது அந்தப் பூட்டு. டாக்டர் வெச்சிருக்கறது வேற கம்பெனி. அது உடையாத பூட்டுன்னு அவர் நினைச்சுக்கறார். அப்படி ஒண்ணும் இல்ல. அந்தப் பூட்டு போட்ட வீடுங்க கம்மி, அதான். இப்ப அதுக்கும் சாவி செய்ய ஆரம்பிச்சுட்டானுங்க."

"எக்ஸ்ரே ரூம்ல இருக்கறது?"

"அதைக் கேட்காதீங்க, வயிறு எரியும். எந்த வீட்டுச் சுவத்துலயும் ஓட்டை விழும். கம்பெனிக்காரன் பார்த்துப் பார்த்து அடைப்பான். அப்டேட், அப்டேட்னு கத்தறேனே, அதுதான் அது. எக்ஸ்ரே ரூம்ல இருக்கறது அரதப்பழசு. அதை அடைக்கறதை நிறுத்தி எவ்வளவோ காலமாச்சு. மாத்தலாம்னா, மெஷின் வித்தவன் புது சிஸ்டத்துல என் மெஷின் ஓடாதுங்கறான். ஓட்டை எங்கன்னு திருடனுக்கு எல்லாம் தெரியும். அடைக்க ஆள் கிடையாது."

"பின் அறைப் பெட்டி?"

"அதுலயும் வேற சிஸ்டம், இலவசமாக் கிடைக்கறது. அதுக்கு வைரஸ் எழுதறவன் கம்மிங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, அதுல உட்கார்றவங்க வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி. தன் ரூமுக்குள்ள என்ன வேணா பண்ணலாம். சுவத்தை இடிக்கணும்னா வீட்டுக்காரரைக் கேட்கணும், பாஸ்வேர்டு போடணும். அங்க வைரஸ் உள்ள வந்தாலும் ஒரு ரூமைத்தான் நாசம் பண்ணும். உங்க மேசையில அப்படி இல்ல. அதை யாரோ முதல் நாளே எல்லா அதிகாரமும் கொடுத்துத் திறந்து வெச்சிட்டாங்க. நீங்கதான் வீட்டுக்காரர். உள்ள வந்த வைரஸ் உங்க பேரைச் சொல்லியே வீட்டை இடிக்கும்."

"கேட்கவே கேட்காதா சார்?"

"ஏன் கேட்காது? இப்ப வர்ற சிஸ்டம் எல்லாமே கேட்கும். திரையில ஒரு பெட்டி வந்து 'செய்யலாமா'ன்னு கேட்டிருக்குமே. வந்துச்சா?"

யோசித்தார். "வந்துச்சு."

"என்ன போட்டிருந்துச்சு?"

"தெரியல. சரின்னு அழுத்திட்டேன்."

"என்னன்னு தெரியாம எப்படிக்கா அழுத்துவீங்க?" என்று கத்தியே விட்டேன். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழுத்தினா போயிடுது சார்" என்றார். "அழுத்தலன்னா நின்னுட்டே இருக்கு. பதில் சொல்லச் சொல்லி."

எந்த சிஸ்டமாக இருந்தால் என்ன, அது கேட்கத்தான் செய்யும். கேட்கிற இடத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டுமே. டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அன்றைக்கே எக்ஸ்ரே கம்ப்யூட்டரைச் சரிசெய்து, மற்ற கம்ப்யூட்டர்களோடு இருந்த இணைப்பை எல்லாம் பிடுங்கித் தனியாக்கினேன். அதில் பென் டிரைவ் செருகும் துளைகளை டேப் போட்டு ஒட்டி, படத்தை சி.டி.யில் எழுதித்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எக்ஸ்ரே ஆள் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். சரியக்காவின் கம்ப்யூட்டரில் இரண்டு லாகின் கணக்கு வைத்தேன். தினசரி வேலைக்கு அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு. பெரிதாக எதையாவது மாற்ற வேண்டுமானால் பெட்டி வந்து வீட்டுக்காரர் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். பாஸ்வேர்டை நானே வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க எப்ப வருவீங்கன்னு வாசலைப் பார்த்துட்டு உட்கார முடியாது. அந்தம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றார். நல்ல ஆளிடம் கொடுத்தார் சாவியை!

"ஒரு பாஸ்வேர்டு யோசிச்சுப் போடுங்கக்கா."

"நீங்களே போட்டுடுங்க சார்."

"முடியாது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு நான்கைந்து எழுத்து தட்டும் சத்தம் கேட்டது. இன்னும் நீளமாக வேண்டும் என்றேன். மறுபடி தட்டினார்.

"இப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. எந்தப் பெட்டி வந்தாலும் வாய்விட்டுப் படிக்கணும். மனசுக்குள்ள இல்ல, வாய்விட்டு. படிச்சது என்னன்னு புரிஞ்சா மட்டும் பாஸ்வேர்டு. புரியலன்னா வேண்டாம்னு அழுத்திடணும்."

"சரி" என்றார்.

வேறென்ன சொல்வார்? நான் நம்பவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர் இதற்கும் சரி சொன்னார், சொன்னபடியே செய்தார். திரை எழுத்துகளை நான் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்தத் தமிழை எழுதிய புண்ணியவான் யாரோ! கூட்டமாக இருக்கும் நேரத்தில் திடீரென்று சரியக்காவின் குரல் கேட்கும், ஏற்ற இறக்கமே இல்லாமல். "இந்த நிரலானது தங்களது கருவியில் மாற்றங்களைச் செய்ய அனுமதிக்கிறீர்களா."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பதறிப்போனார். "மாற்றம் எல்லாம் வேணாம்மா. வயித்துல ஒரு ஸ்கேன் மட்டும் போதும்."

சென்டரே சிரித்தது. சரியக்கா சிரிக்கவில்லை. 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுப் பெரியவரின் பெயரைப் பதிந்தார். போகப் போகப் பெட்டி மட்டும் இல்லை, கையில் எது வந்தாலும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. "வலது முழங்கால்" என்று சீட்டைப் படிப்பார். "ஐயோ, எனக்கு இடதும்மா" என்று அலறுவார் வந்தவர். சீட்டு திரும்பிப் போகும். எக்ஸ்ரே ஆள் அவருக்கு ரேடியோ அக்கா என்று புதுப்பெயர் வைத்துப் பார்த்தார். அது ஒட்டவில்லை.

போன் மட்டும் மாறவில்லை. அண்ணி கூப்பிட்டால் சரி, சரி, சரிதான்.

பரீட்சை முடிந்தது. அன்று மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டியை மாற்றுவதற்காக நான் வழக்கம் போல மேசைக்கடியில் கிடந்தேன். கால்கள் வந்து நின்றன. ஒரு ஜோடி நல்ல தோல் செருப்பு. பக்கத்தில் சின்னக் கால்களில் புத்தம்புது ஷூ, இன்னும் மடிப்பு விழாதது. அதன் பக்கத்தில் சக்கரம் வைத்த பை.

"சாயங்காலம் பஸ். ஸ்கூல்ல டி.சி. கேட்டா, அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் வேணுமாம். நான் என் ஆபீஸ்லயே அடிச்சுட்டு வந்துட்டேன். இதை ஒரு பிரிண்ட் எடு, கையெழுத்துப் போட்டுடு. ஹெட்மாஸ்டர் காத்திருக்கார்" என்றது தோல் செருப்பு.

"சரிங்க அண்ணி."

பென் டிரைவைச் செருகும் சத்தம், கடிதத்தைத் திறக்க மவுஸில் இரண்டு தட்டு. பிறகு அந்தக் குரல். "இந்தச் சேமிப்பகத்திலுள்ள நிரலானது தங்களது கருவியில் மாற்றங்களைச் செய்ய அனுமதிக்கிறீர்களா. வெளியிட்டவர் அறியப்படாதவர்." மவுஸ் ஒரு தட்டு. "வேண்டாம்."

"என்னது வேண்டாம்?" என்றார் அண்ணி.

"உங்க பென் டிரைவ்ல வைரஸ் இருக்கும்மா. உங்க மேல தப்பில்ல" என்றேன் நான் கீழேயிருந்து.

"அய்யய்யோ, யாரு கீழ!" தோல் செருப்பு இரண்டடி பின்னால் துள்ளியது. "இப்படியா ஆள் படுத்திருப்பாங்க!" பிறகு அவரே சிரித்தார். நல்ல மனுஷிதான். குரலிலேயே தெரிந்தது. போனிலிருந்து கடிதத்தை மெயிலில் அனுப்பினார். பிரிண்டர் ஓடியது. சரியக்கா தாளை உருவும் சத்தம், பேனா திறக்கும் சத்தம். அதன் பிறகு பழக்கம் அவரை விடவில்லை.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு. என் மகளை இந்தக் கல்வியாண்டு முதல் அவளுடைய அத்தையின் பொறுப்பில் வெளியூரில் படிக்க வைக்க முடிவு செய்துள்ளேன். இனி அவளுக்குப் பாதுகாவலர் அவளுடைய அத்தையே ஆவார். இது என் முழுச் சம்மதத்துடனும் என் மகளின் விருப்பத்தின் பேரிலும்..."

குரல் நின்றது. வலது முழங்கால் என்று படித்துவிட்டு எதிரே நிற்பவரின் பதிலுக்குக் காத்திருப்பாரே, அப்படி நின்றது. காத்திருந்தவர்களில் யாரோ இருமினார்கள்.

"என் மகளின் விருப்பத்தின் பேரிலும்" என்று மறுபடி படித்தார். "பாப்பா, இது உன் விருப்பமா?"

"சரிம்மா" என்றாள் பாப்பா.

ஷூ அசையவில்லை. நான் கையிலிருந்த திருப்புளியைத் தரையில் வைத்துவிட்டேன்.

"நான் என்ன கேட்டேன், சொல்லு."

"தெரியலம்மா."

"தெரியாம ஏன் சரின்னு சொன்னே?"

"நீயும் அப்படித்தானே சொல்லுவே" என்றாள் பாப்பா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்.

பேனா மூடுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம் அண்ணி" என்றார் சரியக்கா. திரையில் வரும் பெட்டிக்குச் சொல்லும் அதே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

"என்னம்மா சொல்றே? பெட்டி கட்டியாச்சு. அங்க ஸ்கூல்ல இடம் வாங்கியாச்சு. அவளுக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு..." அண்ணியின் குரல் கம்மியது. "என் தம்பி பிள்ளையைத்தானே கேட்டேன்."

"தெரியும் அண்ணி. லீவுக்கு அனுப்பறேன். வந்து இருக்கட்டும்."

"அப்ப இத்தனை தடவை கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் சரி சரின்னியே!"

"படிக்காம சொன்னேன் அண்ணி" என்றார் சரியக்கா. "அவர் போனதுலேருந்து எல்லாத்துக்கும் படிக்காமதான் சொல்லிட்டிருக்கேன்."

அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்கு மருமகளா வந்தப்ப எவ்வளவு வாயாடி தெரியுமா இவ" என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். "கறிகாய்க்காரன் எங்க தெருவுக்கு வரவே பயப்படுவான்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்தால் எனக்கு வசதியாக இருக்கும், அன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை.

"அப்ப நான் போக வேண்டாமாம்மா?"

"வேண்டாம்."

"சரி" என்றாள் பாப்பா. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வெடித்துவிட்டது. சென்டரே திரும்பிப் பார்க்க, புது ஷூ தரையில் தட்டத் தட்ட, குழந்தை மாதிரி அழுதாள்.

மேசைக்கடியிலிருந்தே எட்டிப் பார்த்தேன், சரியக்கா அழவில்லை. எழுந்து போய் மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நின்றபடியே எட்டி ஒரு கையால் அடுத்த நோயாளியின் சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தார். என் வேலை எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் நான் வெகுநேரம் மேசைக்கடியை விட்டு வெளியே வரவில்லை.